எவ்வூர்ச் சௌகரியம் பெரிது?



சித்திரை பிறந்துவிட்டால் பீர்மேட்டுத் தமிழ்க் குடும்பங்களுக்கு இருப்புக் கொள்ளாது. வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா ஒருபுறம். பிள்ளைகளின் பள்ளி விடுமுறை மறுபுறம். கலியாணமும் காதுகுத்தும் இன்னொருபுறம். வண்டிப்பெரியாறு, பாம்பனார், ஏலப்பாறை, குட்டிக்கானம் எனப் பல இடங்களிலிருந்தும் மூட்டை முடிச்சுகளுடன் புறப்பட்டு, குமுளியில் வண்டி மாறி, மலையிறங்கி, கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று அவரவர் ஊர்களைச் சென்றடைகின்றனர். பத்து நாள் கழித்துத் திரும்பி வரும்போது இரண்டு பொருள்களைக் கொண்டு வருகின்றனர். ஒன்று, பை நிறைய முருங்கைக்காய். மற்றொன்று, ஓர் அபிப்பிராயம்.

அந்த அபிப்பிராயம் ஆண்டுதோறும் மாறாதது. "என்னதான் சொந்த ஊர் என்றாலும் அங்கே என்ன சௌகரியம் இருக்கிறது? நம் மலைதான் மேல்" என்பதே அது. குடிக்கத் தண்ணீர் சரியில்லை என்பார் ஒருவர். காலைக்கடனுக்கு இடமில்லை என்பார் மற்றொருவர். படிக்க ஒரு பத்திரிகை கிடைக்கவில்லை என்பார் வேறொருவர். இவற்றைக் கேட்டுக் கேட்டு, நம் வீட்டுப் பிள்ளைகள் ஊருக்குப் போவதற்கே முகம் சுளிக்கத் தொடங்கியிருக்கின்றனர். ஆகவே இம்மாதம் இதனைச் சற்று நின்று ஆராய்தல் நலம் என்று கருதுகிறோம்.

முதற்கண் ஒன்றை நினைவுகூர்வோம். நம் பாட்டன்மார் கங்காணியின் பின்னே மலையேறிய காலத்தில் இஃது உண்மையிலேயே வேற்று நாடு. திருவிதாங்கூர் மன்னரின் ஆட்சி. சக்கரம், பணம் என்று தனி நாணயம். அஞ்சல் என்ற பெயரில் தனித் தபால். 1949 ஜூலை முதல் நாள் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாயின. 1951இல் அந்த அஞ்சல் இலாகா இந்தியத் தபால் துறையில் கலந்தது. 1956 நவம்பர் முதல் நாள் கேரள மாநிலம் பிறந்தது. கன்னியாகுமரிப் பகுதியும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் அன்று சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. தமிழர் மிகுந்து வாழ்ந்த தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நின்றன. அயல்நாடு அயல்மாநிலமாயிற்று. ஆயினும் நம் இல்லங்களில் 'ஊர்' என்றால் இன்றும் மலைக்குக் கீழே உள்ள ஊர்தான். இங்கேயே பிறந்து இங்கேயே படிக்கும் மூன்றாந் தலைமுறைக் குழந்தையும் "ஊருக்குப் போகிறோம்" என்றுதான் சொல்கிறது. ஊர் என்று ஒன்றையும் வீடு என்று மற்றொன்றையும் வைத்துக்கொண்டிருக்கும் நமக்கு, இரண்டையும் ஒப்பிடும் வழக்கம் ஏற்பட்டதில் வியப்பில்லை. அந்த ஒப்பீடு நேர்மையாக நடைபெறுகிறதா என்பதே கேள்வி.

இம்மாநிலத்தின் மேன்மையாக நாம் எடுத்துரைப்பவற்றுள் முதலாவது, காய்ச்சிய தண்ணீர். மலையாள நாட்டில் எந்தச் சிற்றுண்டிச் சாலையில் அமர்ந்தாலும் சீரகமோ பதிமுகமோ இட்டுக் காய்ச்சிய வெந்நீரை வைப்பது வழக்கம். வீடுகளிலும் அவ்வாறே. இதன் காரணத்தை எண்ணிப் பார்த்தவர் சிலரே. இங்கு மழை மிகுதி. வீட்டுக்கு வீடு திறந்த கிணறு. அதற்குச் சில கோல் தொலைவிலேயே கழிப்பறைக் குழி. மழைக்காலத்தில் ஒன்றன் நீர் மற்றொன்றில் கசிவது எளிது. எனவே காய்ச்சிக் குடித்தல் இம்மக்கள் கண்ட தற்காப்பு. நன்கு கொதித்த நீரில் வாந்திபேதி, விஷசுரம், மஞ்சட்காமாலை ஆகியவற்றைப் பரப்பும் கிருமிகள் மடிகின்றன. இதிலும் ஒரு நுட்பம் உண்டு. கொதித்த நீரை விரைவில் ஆற்றும் பொருட்டுப் பச்சைத் தண்ணீரைக் கலந்தால், காய்ச்சிய விறகு வீண். நம் வீடுகளில் சிலர் இன்றும் இதைச் செய்கின்றனர், தாய்மார்கள் கவனிப்பார்களாக.

இரண்டாவது, கழிப்பறை. திறந்தவெளியில் மலங்கழிக்கும் வழக்கம் ஒழிந்த மாநிலமாகக் கேரளம் 2016 நவம்பர் முதல் நாள் அறிவிக்கப்பட்டது. நம் ஊர்ப்பக்கம் அன்று நிலைமை அவ்வாறு இருக்கவில்லை என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் இதற்கும் ஒரு காரணம் உண்டு. மலையாளி தன் பறம்பின் நடுவே தனி வீடு கட்டி வாழ்பவன். வீட்டைச் சுற்றி இடம் கிடக்கும். நம் கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்களோ தெருத் தெருவாக நெருக்கிக் கட்டப்பட்டவை. ஏழை வீட்டுக்குப் பின்னே சுவர் இருக்கும், கொல்லை இருக்காது. குழி தோண்ட ஒரு சாண் நிலமில்லாதவனிடம் சுத்தத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்து பயன் என்ன?

மூன்றாவது, வாசகசாலை. 1945இல் அம்பலப்புழையில் பி. என். பணிக்கர் அவர்களின் முயற்சியால் 47 நூலகங்கள் ஒன்றுகூடித் திருவிதாங்கூர் கிரந்தசாலா சங்கத்தை அமைத்தன. அந்த இயக்கம் வளர்ந்து, மாலை வேளையில் கூலிவேலை முடித்து வருபவனும் வாசகசாலையில் அமர்ந்து பத்திரிகை படித்துவிட்டு வீடு செல்லும் நிலையை உண்டாக்கிற்று. இது போற்றத்தக்கதே. எனினும், சுதந்திர இந்தியாவில் பொது நூலகத்திற்கென்று முதன்முதலில் சட்டம் செய்த மாகாணம் எது என்று நம் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். நம் சென்னை மாகாணந்தான். நூலக மேதை எஸ். ஆர். அரங்கநாதன் அவர்களின் உழைப்பால் 1948இல் அச்சட்டம் பிறந்தது. கேரளத்தின் பொது நூலகச் சட்டம் வந்ததோ 1989இல். சட்டம் நம் ஊரில் நாற்பதாண்டு முந்தியது. இங்கு ஊரார் தாமே கூடி வாசகசாலையை நிறுவிய பின்னர்ச் சட்டம் வந்தது. அங்குச் சட்டம் வந்து, அதன் வழியே கிளை நூலகங்கள் வந்தன. ஊரார் தம் கையால் திறந்த கதவை ஊரார் நாள்தோறும் தள்ளிப் பார்க்கின்றனர். சர்க்கார் திறந்த கதவை, யாரேனும் வந்து திறப்பார் என்று காத்திருக்கின்றனர். வேற்றுமை இதுவே.

இனி மறுபக்கத்தையும் பார்ப்போம். நம்மவர் மலையேறி வந்ததும் சொல்ல மறந்துவிடும் செய்திகள் சில உண்டு.

தமிழ்நாட்டில் அரிசி அட்டை வைத்திருக்கும் குடும்பத்திற்கு மாதம் 20 கிலோ வரை விலையில்லா அரிசி வழங்கும் திட்டம் 2011 ஜூனில் தொடங்கிற்று. பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவைக் காமராசர் 1956இல் தொடங்கிவைத்தார், 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 2022 செப்டம்பரில் காலைச் சிற்றுண்டியும் சேர்ந்தது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்யத் தொடங்கினர். கம்பத்தில் பூ விற்கும் மாது ஒருத்திக்கு இதனால் நாளொன்றுக்கு மிச்சமாகும் தொகை, நம் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண் ஏலப்பாறைக்குப் போய்வரக் கொடுக்கும் பேருந்துக் கட்டணம். இவற்றை 'ஊரில் சௌகரியம் இல்லை' என்ற ஒரே வாக்கியத்தில் எவ்வாறு அடக்குவது?

இருப்புப்பாதைப் பணியில் சீட்டு வழங்கும் சாளரத்தின் பின்னே அமர்ந்திருக்கும் நாம், எம் துறையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். இடுக்கி மாவட்டத்தில் இருப்புப்பாதையே கிடையாது. பீர்மேட்டார் ரயிலைக் காண ஒருபுறம் கோட்டயத்திற்கோ, மறுபுறம் தேனி அல்லது போடிநாயக்கனூருக்கோ மலையிறங்க வேண்டும். மதுரை–போடி மீட்டர் பாதை 1928இல் திறக்கப்பட்டது. அகலப் பாதையாக மாற்றும் பொருட்டு 2010ஆம் ஆண்டு இறுதியில் அதில் வண்டி நின்றது. அதன்பின் பள்ளத்தாக்கு மக்கள் ஓயாது மனுக் கொடுத்தனர், கூட்டம் போட்டனர், குரல் எழுப்பினர். 2022 மே மாதம் தேனி வரை வண்டி வந்தது. 2023 ஜூனில் போடி வரை வந்தது. சென்னைக்கு நேர்வண்டியும் கிடைத்தது. பதினோராண்டு வண்டியில்லாது கிடந்த பாதையில் மீண்டும் வண்டி ஓடுகிறதென்றால், கேட்டவர் வாய் ஓயவில்லை என்பதே பொருள்.

நோயாளிகள் விஷயத்தில் இரு மாநிலமும் ஒன்றையொன்று பார்த்துக் கற்கின்றன என்றே சொல்லலாம். படுத்த படுக்கையாகிவிட்ட முதியோரை வீட்டுக்கே வந்து பார்க்கும் வலிதணிப்புச் சேவைக்குக் கோழிக்கோட்டில் 1993இல் வித்திடப்பட்டது. கேரள அரசு 2008இல் அதைக் கொள்கையாகவே ஏற்றது. உள்ளூராட்சிகளின் பொறுப்பில் செவிலியர் வீடு தேடி வருகின்றனர். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கி, இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவுக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கு வரலாயிற்று. ஆகவே எவ்வூரிலும் சில மேல், சில கீழ். இம்மட்டில் நிறுத்திக்கொண்டால் இஃது 'இக்கரைக்கு அக்கரை பச்சை' என்ற பழமொழிக்கு உரையெழுதியதாகவே முடியும். நாம் சொல்லவந்தது அதற்கு அப்பால் உள்ளது.

கம்பத்தில் ஒரு கலியாண வீட்டில் நம் காதில் விழுந்த உரையாடல் இது. மலைக்கு வாழ்க்கைப்பட்டுப் போன ஒரு பெண், தமையன் வீட்டிற்கு வந்திருக்கிறாள். அடுப்படியில் நின்று, "மதினி, தண்ணியைக் காய்ச்சாமலா குடிக்கிறீங்க? எங்க ஊருல நாய்கூட இப்படிக் குடிக்காது" என்றாள். மதினி கையிலிருந்த செம்பைக் கீழே வைத்தாள். "இந்தத் தண்ணியைக் குடிச்சுத்தானே ஆத்தா நீ இம்புட்டு ஒசரம் வளந்த? சரி, உங்க ஊருல உன் வீட்டுக்குள்ளயே தண்ணி வருதா?" என்று கேட்டாள். அதற்கு மறுமொழி வரவில்லை. அப்பெண் குடியிருப்பது லயத்தில். பத்து வீட்டுக்கு ஒரு குழாய். மழை நாளிலும் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடக்கவேண்டும்.

அன்பர்களே, அந்த மௌனத்தில்தான் நம் விஷயம் இருக்கிறது. நாம் ஊரில் போய்ப் பெருமையாகச் சொல்லும் சௌகரியங்களில் எத்தனை நம் வாசற்படிக்கு வந்தவை? எத்தனை, நாம் பேருந்திலிருந்து பார்த்தவை?

நம் லயத்தின் அமைப்பை அறியாதவர் யார்? ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள். வீட்டுக்கு ஓர் அறை, ஓர் அடுப்படி, முன்னால் ஒரு திண்ணை. வெள்ளையர் காலத்தில் எழுந்த சுவர்கள் பல இடங்களில் இன்றும் நிற்கின்றன. தோட்டத்தார் குடியிருப்பும் குடிநீரும் கழிப்பறையும் மருத்துவமும் பிள்ளைக் காப்பகமும் அமைத்துத் தரவேண்டும் என்று 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் சொல்லிற்று. சட்டம் வந்தபின் முக்கால் நூற்றாண்டு கடந்தும், ஒழுகும் கூரைக்கும் கதவில்லாத பொதுக் கழிப்பறைக்கும் நம்மிடையே பஞ்சமில்லை. 2020 ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு மூணாற்றுப் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியபோது 70 பேர் மறைந்தனர். அவர்கள் யாவரும் நம்மைப்போன்றே, ஊர் கீழேயும் உயிர் மேலேயுமாக வாழ்ந்தவர்கள்.

அப்படியாயின், அடுத்த பறம்பில் உள்ள மலையாளக் கூலிக்காரன் வீட்டில் கிணறும் கழிப்பறையும் வந்தது எவ்வாறு? இக்கேள்விக்கு விடை நிலத்தில் இருக்கிறது. கேரள நிலச்சீர்திருத்தச் சட்டம் 1970 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தபோது, பிறர் நிலத்தில் குடிசை போட்டு வாழ்ந்த குடிகிடப்புக்காரனுக்குக் கிராமப்புறத்தில் 10 சென்ட் வரை உரிமையாயிற்று. பத்து சென்ட் கையில் வந்ததும் அவன் கிணறு வெட்டினான், குழி தோண்டினான், நாலு தென்னை நட்டான். ஆனால் தேயிலை முதலிய தோட்டங்கள் அச்சட்டத்தின் உச்சவரம்பிலிருந்து விலக்கப்பட்டன. வேலையோடு சேர்த்து லயம் பெற்றவன் குடிகிடப்புக்காரனாகக் கருதப்படவில்லை. நாடே புகழும் அந்தச் சட்டம், நம் வேலியருகே வந்து நின்றுவிட்டது.

ஆகவே சௌகரியம் என்பது மண்ணின் குணமுமன்று, மக்களின் பிறவிக் குணமுமன்று. காலடியில் உரிமையான நிலம் இருந்தவனுக்குக் கழிப்பறை வந்தது. கூடிக் கேட்டவர்களுக்கு வாசகசாலை வந்தது. மனுக் கொடுத்தவர்களுக்கு ரயில் வந்தது. நம் தோட்டங்களிலும் இதற்குச் சான்று உண்டு. 2015 செப்டம்பரில் மூணாற்றில் போனசுக்காகத் தெருவில் அமர்ந்த பெண்கள், யாருடைய துணையும் எதிர்பாராமல் தாமே ஒன்றுகூடி, வெட்டப்பட்ட போனசை மீண்டும் பெற்றனர். அன்று வரை அவர்களிடம் 'உங்களுக்கு என்ன வேண்டும்' என்று கேட்டவர் அரியர்.

எமது தொழிலிலிருந்து ஓர் உவமை கூறுவோம். வண்டி எவ்வளவு நல்ல வண்டியாயினும், சீட்டில்லாதவனுக்கு மேடைதான் மிச்சம். ஓர் ஊரின் சௌகரியங்கள் ஓடும் வண்டியைப் போன்றவை. அவற்றில் ஏறுவதற்குச் சீட்டு வேண்டும். குடும்ப அட்டை, வாக்காளர் பட்டியல், நிலப் பத்திரம், சாதிச் சான்று ஆகியவையே அச்சீட்டுகள்.

இதை மிகுதியும் உணரவேண்டியவர்கள், வேலையிலிருந்து ஓய்வுபெறும் நிலையில் இருக்கும் தம்பதியர். லயத்தை விட்டால் எங்கே போவது? ஊருக்கு இறங்குவதா, இங்கேயே ஒரு மூலையில் ஒண்டிக்கொள்வதா? இத்தகைய குடும்பங்களில் பேச்சு பெரும்பாலும் 'எங்கே தண்ணீர் நன்று, எங்கே குளிர்ச்சி' என்றே போகிறது. மகன் ஒன்று சொல்வான். மருமகள் ஒன்று சொல்வாள். முதியவர் இருவரும் வாய் திறவாமல் அமர்ந்திருப்பர். அவர்கள் கேட்கவேண்டிய கேள்விகள் வேறு. நம் குடும்ப அட்டை எந்த மாநிலத்தில் இருக்கிறது? இரு மாநிலத்திலும் அட்டை வைத்திருப்பது முறையன்று. ஓரிடத்தில் பெயரை நீக்கிய பின்னரே மற்றோரிடத்தில் சேர்க்க இயலும். நாம் போய்ச் சேரும் ஊரில் தலைக்குமேல் கூரைக்குப் பத்திரம் உண்டா? பங்காளிகளின் வாக்கு மட்டும் போதாது. இரவில் நெஞ்சு வலித்தால் எந்த மருத்துவமனைக்கு எவ்வளவு நேரத்தில் போகலாம்? கதவைத் தட்டினால் எழுந்து வருபவர் யார்? இந்நான்கிற்கும் விடை கிடைத்தபின், தண்ணீரின் சுவையைப் பற்றிப் பேசலாம்.

பிள்ளைகள் விஷயத்தில் சீட்டின் அருமை இன்னும் கூடுதல். பட்டியல் சாதிகளின் அட்டவணை 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையால் மாநிலந்தோறும் தனித்தனியாக வகுக்கப்பட்டது. ஒரு மாநிலத்திலிருந்து மற்றொன்றுக்குக் குடிபெயர்ந்தவர் புதிய மாநிலத்தில் அச்சலுகையைக் கோர இயலாது என்று உச்ச நீதிமன்றம் 1990இல் தீர்ப்பளித்தது. எனவே 1950க்கு முன்பே நம் முன்னோர் இங்குக் குடியேறியிருந்தனர் என்று காட்டவேண்டிய கட்டாயம் நம் பிள்ளைகளுக்கு நேர்கிறது. பாட்டனார் பெயர் பதிந்த பழைய செக்ரோல் நகல், பள்ளிச் சான்றிதழ், ஞானஸ்நானப் பதிவு, பிரசவப் பதிவு ஆகியவற்றுள் எது கிடைப்பினும் அது பொன். தகரப் பெட்டியின் அடியில் நைந்து கிடக்கும் காகிதத்தைப் 'பழைய குப்பை' என்று அடுப்பில் இடும் வீடுகள் உண்டு. அக்காகிதம் இல்லாததால் கல்லூரி வாசலில் திரும்பிய பிள்ளைகளும் உண்டு. அப்பிள்ளைக்குக் கேரளத்தின் கல்விச் சிறப்பும் பயனில்லை; தமிழ்நாட்டின் கல்விச் சலுகையும் எட்டவில்லை. இரண்டு ஊர் உள்ளவன் ஓர் ஊரும் இல்லாதவனாக நிற்பது இங்ஙனமே.

இனி, நாம் செய்யக்கூடியது யாது?

சௌகரியங்களை மூன்றாகப் பகுக்கலாம் என்பது எம் கருத்து. பணத்தால் வருவன, சர்க்காரிடம் கேட்டுப் பெறுவன, பழக்கத்தால் வருவன. முதலாவதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. உள்ளவன் எங்கும் வாங்குவான். இரண்டாவதை, நாம் எங்கே வாக்காளராக இருக்கிறோமோ அங்கே கேட்கவேண்டும். தோட்ட நிலம் தனியார் வசம் இருப்பதைக் காட்டிப் பஞ்சாயத்துத் தோட்டத்தைக் கைகாட்டலாம். தோட்டம் பஞ்சாயத்தைக் கைகாட்டலாம். இருவரையும் ஒரே இடத்தில் நிறுத்திக் கேட்கும் இடம் கிராமசபை. அந்தக் கூட்டத்திற்கு நம்மவர் போவது குறைவு. மலையாளத்தில் பேசவேண்டுமே என்ற கூச்சமே காரணம். தமிழிலேயே எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை மலையாளம் படிக்கிறதன்றோ? அதைக் கொண்டு ஒரு நகலும் எழுதச் செய்யுங்கள். ஊரில் பெயருள்ளவர்கள் அங்கே ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் கூடும் கிராமசபையை நினைவில் வைத்திருக்கட்டும். மே முதல் நாள் நம் விடுமுறைக் காலத்திலேயே வருகிறது. அவ்வாறே வாசகசாலையில் உறுப்பினராகித் தமிழ் நூல்களுக்கு ஓர் அலமாரி கேளுங்கள். பத்துப் பேர் கையெழுத்திட்டுக் கேட்டால் மறுப்பது எளிதன்று.

மூன்றாவதாகிய பழக்கத்திற்கு எல்லைச் சாவடி கிடையாது, எடையும் கிடையாது. பெரியாற்றின் நீர் 1895 முதல் மலையைக் குடைந்து கம்பம் பள்ளத்தாக்கிற்கு இறங்கிக்கொண்டிருக்கிறது. தண்ணீர் இறங்கிற்று, அதைக் காய்ச்சிக் குடிக்கும் பழக்கம் மட்டும் நம்மோடு இறங்கவில்லை. இறங்காததற்கு நம் பேச்சு முறையும் ஒரு காரணம். 'நாய்கூடக் குடிக்காது' என்று சொன்ன வாயிலிருந்து எந்த மதினியும் பழக்கம் கற்றுக்கொள்ளமாட்டாள். ஊருக்குப் போனதும் அடுப்பில் ஒரு பானை நீரைத் தாமே ஏற்றி, ஒரு பிடி சீரகத்தைப் போட்டு, ஆறியபின் அண்ணன் பிள்ளைகளுக்கு முதற்குவளை கொடுத்தால் போதும். மறுநாள் மதினியே பானையை ஏற்றுவாள். அதுபோலவே, மலையேறும்போது நாம் கொண்டுவரவேண்டிய பழக்கங்களும் அங்கே உள. தெருவில் ஒரு வீட்டில் துக்கம் என்றால் பத்து வீட்டு அடுப்பிலிருந்து சோறு போகும் வழக்கம் இன்னும் நம் ஊர்களில் அழியவில்லை. அதைவிடப் பெரிய சௌகரியம் எந்த நாட்டில் விலைக்குக் கிடைக்கும்?

பிள்ளைகள் கேட்கும்படி ஊரைப் பழித்துப் பேசுதலை அருள்கூர்ந்து நிறுத்துவோம். நாளைக்கு லயத்துக் கதவு நமக்கு அடைபடும் நாளில், அப்பிள்ளை இறங்கிச் செல்லவேண்டிய இடம் அந்த ஊராகவும் இருக்கலாம். பழித்த ஊரில் குடிபுகுவது யாருக்கும் எளிதன்று. அவ்வாறே, ஊரில் போய் இம்மலையை அளவுக்கு மீறிப் புகழ்வதையும் குறைத்துக்கொள்வோம். நம் லயத்தில் ஒரு குழாய் கூடுதலாக வந்த அன்று தாராளமாகப் புகழலாம்.

இவ்வாண்டு விடுமுறை முடிந்து வரும் அன்பர்கள், முருங்கைக்காயுடன் இன்னொன்றும் கொண்டுவர வேண்டுகிறோம். ஊர்வீட்டுப் பெட்டியிலோ பரணிலோ கிடக்கும் பழைய காகிதங்களைத் தேடி, முன்னோர் மலையேறிய ஆண்டு குறிக்கப்பட்ட எதையும் எடுத்துவந்து, இரண்டு நகல் எழுப்பி, ஒன்றை உறவினரிடமும் ஒன்றைத் தம்மிடமும் வைத்துக்கொள்வார்களாக. தத்தம் லயத்தில் இல்லாத ஒரே ஒரு சௌகரியத்தை, எத்தனை வீடுகளுக்கு அது வேண்டும் என்ற கணக்குடன், ஓர் அஞ்சலட்டையில் எழுதிச் சங்கத்திற்கு அனுப்பினால், அவற்றைத் தொகுத்து அடுத்த கிராமசபைக்கு எடுத்துச் செல்ல முயல்வோம். அட்டையில் முகவரியும் லயத்தின் எண்ணும் தெளிவாக இருத்தல் வேண்டும்.